கணக்கிடும் நினைவகம்: தரவை நகர்த்தாமல் வேலை முடியுமா?

700 கோடி எடைகள் கொண்ட ஒரு மொழி மாதிரியை மடிக்கணினியில் ஏற்றி ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் எடையும் 16 பிட், அதாவது 2 பைட். மொத்தம் 14 ஜிபி. அந்த மாதிரி அடுத்த ஒரு டோக்கனை எழுத வேண்டுமானால், இந்த 14 ஜிபியும் நினைவகத்திலிருந்து கிளம்பிச் செயலிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கடுத்த டோக்கனுக்கு மறுபடியும் அதே 14 ஜிபி. இரண்டு தடங்களில் டிடிஆர்4-3200 நினைவகம் பூட்டிய கணினியில் வினாடிக்கு அதிகபட்சம் 51.2 ஜிபிதான் அந்தப் பாதையில் ஓடும். ஆகவே வினாடிக்கு நான்கு டோக்கன்கூடத் தேறாது. செயலியை இரு மடங்கு வேகமானதாக மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை. செயலி ஏற்கெனவே எண்கள் வந்து சேரக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

தரவைச் செயலியிடம் கொண்டுபோவதற்குப் பதில், தரவு இருக்கும் இடத்திலேயே கணக்கை முடித்துவிட்டால் என்ன? நினைவகச் சில்லையே கணக்குப் போட வைத்தால் என்ன? இந்தக் கேள்விக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இதை ஒட்டி எழுந்த முயற்சிகள் பல, கைவிடப்பட்டவையும் பல. கடந்த பத்தாண்டுகளில் அந்தக் கேள்வி ஆய்வுத்தாளிலிருந்து இறங்கி, விலைக்கு வாங்கக்கூடிய சில்லாக மாறத் தொடங்கியிருக்கிறது.

இந்த முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தெரிகிறது. தரவை நகர்த்தும் செலவிலிருந்து தப்பிக்கும் ஒவ்வொரு வடிவமைப்பும், தரவைச் சரியான இடத்தில் முன்கூட்டியே வைக்கும் பொறுப்பை யாரோ ஒருவர் தலையில் ஏற்றுகிறது. அந்தப் பொறுப்பு யாரிடம் போகிறது, அவர் அதை நிறைவேற்ற முடிகிறதா என்பதைப் பொறுத்தே இந்தத் துறையின் வெற்றி தோல்விகள் அமைந்திருக்கின்றன.

நகர்த்துவதற்கு ஆகும் செலவு

கணக்கிடும் பகுதியையும் சேமிக்கும் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் அமைப்பை 1945இல் எட்வாக் கணினி குறித்த தன் அறிக்கையில் ஜான் ஃபான் நாய்மன் விவரித்தார். இன்றைய கைபேசிவரை அந்த அமைப்பே தொடர்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய வழியை 'ஃபான் நாய்மன் இடுக்கு' என்று ஜான் பேக்கஸ் தன் 1977ஆம் ஆண்டு டூரிங் விருது உரையில் குறிப்பிட்டார். 1995இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் வுல்ஃப், சாலி மக்கீ இருவரும் 'நினைவகச் சுவர்' என்ற பெயரோடு ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். செயலியின் வேகமும் நினைவகத்தின் வேகமும் வெவ்வேறு விகிதத்தில் ஏறிக்கொண்டிருப்பதால், ஒரு கட்டத்துக்குப் பிறகு கணினியின் வேகத்தை நினைவகம் மட்டுமே தீர்மானிக்கும் என்பது அவர்கள் வாதம்.

அன்று கவலையெல்லாம் நேரத்தைப் பற்றியது. இன்று அதோடு மின்சாரமும் சேர்ந்துகொண்டது. ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014இல் முன்வைத்த அட்டவணை இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் 32 பிட் தசம எண்கள் இரண்டைக் கூட்டச் சுமார் 0.9 பிகோஜூல் ஆற்றல் போதும். 64 பிட் தரவை வெளியே உள்ள டிரேம் நினைவகத்திலிருந்து எடுத்துவர 1,300 முதல் 2,600 பிகோஜூல் வரை ஆகிறது. கூட்டலுக்கு ஆகும் செலவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல், கூட்ட வேண்டிய எண்ணைக் கொண்டுவருவதற்கு ஆகிறது. 2018இல் கூகுளோடு இணைந்து நடந்த ஓர் ஆய்வு, குரோம் உலாவி, காணொளி இயக்கம், கைபேசியில் ஓடும் டென்சர்ஃப்ளோ முதலிய அன்றாடப் பயன்பாடுகளை அளந்து பார்த்தது. மொத்த ஆற்றலில் 62.7 சதவீதம் தரவை இங்குமங்கும் நகர்த்துவதிலேயே போவதாக அது கண்டது. கைபேசியின் பேட்டரி எங்கே கரைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

முதல் அலையும் அதன் தோல்வியும்

நினைவகத்துக்குள் தர்க்கச் சுற்றுகளை வைக்கலாம் என்ற யோசனையை வில்லியம் கவுட்ஸ் 1969இலும் ஹரால்ட் ஸ்டோன் 1970இலும் தனித்தனிக் கட்டுரைகளில் முன்வைத்தார்கள். ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்த டிரேம் செல்லுக்கு ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1968இல்தான் காப்புரிமை பெற்றிருந்தார். இன்டெல் தன் முதல் டிரேம் சில்லை, 1103 என்ற எண்ணில், 1970இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்தது வெறும் 1,024 பிட். நினைவகச் சில்லுகள் பிறந்துகொண்டிருந்தபோதே அவற்றைக் கணக்கிட வைக்கும் எண்ணமும் பிறந்துவிட்டது.

1990களில் அந்த எண்ணம் சிலிக்கனுக்கு வந்தது. டொரண்டோ பல்கலைக்கழகத்தில் டங்கன் எலியட், நினைவகத்தின் ஒவ்வொரு நெடுவரிசையின் அடியிலும் ஒரு பிட் கணிப்பானை வைக்கும் சில்லை வடிவமைத்தார். ஐபிஎம்மில் பீட்டர் கோகி தலைமையில் 8 செயலிகளையும் 4 மெகாபிட் டிரேமையும் ஒரே சில்லில் கொண்ட 'எக்ஸிக்யூப்' உருவானது. பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன் குழு 'ஐரேம்' திட்டத்தையும், இல்லினாயில் ஜோசப் டொரெயாஸ் குழு 'ஃப்ளெக்ஸ்ரேம்' வடிவமைப்பையும் முன்னெடுத்தன. துறையின் தலைசிறந்த மூளைகள் அதில் இறங்கியிருந்தன. இருந்தும் எதுவும் சந்தையில் நிலைக்கவில்லை.

அதற்கு முதற்காரணம் தயாரிப்பு முறை. டிரேம் தொழிற்சாலையில் உருவாகும் டிரான்சிஸ்டர் மின்னூட்டத்தைக் கசியவிடாமல் காப்பதற்கென்றே அமைந்தது. வேகம் அதன் இலக்கு அல்ல. செயலிச் சில்லில் பத்துக்கும் மேற்பட்ட உலோக இணைப்பு அடுக்குகள் இருக்கும். டிரேமில் மூன்று நான்குதான். அதில் செயலி கட்டினால் அது மெதுவாகவும் பெரிதாகவும் அமைந்துவிடும். இரண்டாவது காரணம் காலம். 1990களில் சாதாரண செயலியின் கடிகார வேகம் ஏறிக்கொண்டே இருந்தது. புதுமாதிரி நினைவகத்துக்கென மென்பொருளை மாற்றி எழுதும் நேரத்தில், காத்திருந்தாலே வேகம் தானாக வந்து சேர்ந்தது. சிரமப்பட யாருக்கும் தேவை இருக்கவில்லை.

2005 வாக்கில் அந்த இலவச வேகம் நின்றுபோனது. டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க மின்செலவும் சுருங்கும் என்று 1974இல் விதி வகுத்தவரும் அதே டென்னார்ட்தான். அந்த விதி அப்போது செயலிழந்தது. செயலிகள் வேகத்தில் வளர முடியாமல் எண்ணிக்கையில் வளர்ந்தன. பல கருக்கள் ஒரே நினைவகப் பாதைக்குப் போட்டியிட்டதும் பழைய கேள்வி மீண்டும் மேலெழுந்தது.

டிரேம் செல்லுக்குள் நடக்கும் கணக்கு

இரண்டாம் அலையில் எனக்கு மிக அழகானதாகத் தோன்றுவது, புதிய சுற்று எதையும் ஏறக்குறையச் சேர்க்காமலேயே டிரேமைக் கணக்கிட வைத்த வழி. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

டிரேம் செல்லில் மின்தேக்கி நிறைந்திருந்தால் 1, காலியாக இருந்தால் 0. ஒரு நெடுவரிசையிலுள்ள செல்களெல்லாம் ஒரே பிட் கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. படிப்பதற்கு முன் அந்தக் கம்பி பாதி மின்னழுத்தத்தில் நிறுத்தப்படும். ஒரு வரிசையைத் திறந்ததும் அதிலுள்ள ஒவ்வொரு மின்தேக்கியும் தன் கம்பியோடு மின்னூட்டத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். கம்பியின் மின்னழுத்தம் பாதியிலிருந்து சற்றே ஏறும் அல்லது இறங்கும். கம்பியின் முனையிலுள்ள உணர் பெருக்கி அந்த நுண்ணிய வேறுபாட்டை முழு 1ஆகவோ முழு 0ஆகவோ பெருக்கி, செல்லுக்கும் திரும்ப எழுதிவிடும்.

இப்படித் திறக்கும் ஒரு வரிசை, நினைவகப் பலகையிலுள்ள 8 சில்லுகளையும் சேர்த்துப் பார்த்தால், 8 கேபி. ஆனால் ஒரு முறை படிக்கும்போது வெளியே போவது 64 பைட். பத்தாயத்தையே கவிழ்த்து ஒரு படி நெல் அளந்துகொண்டு, மிச்சத்தைத் திரும்பக் கொட்டி மூடுவது போன்ற வேலை இது. சில்லுக்குள் திறந்து கிடக்கும் அந்தப் பெரும் அகலத்தைப் பயன்படுத்திக்கொள்வதே இந்த ஆய்வுகளின் குறி.

ஐஐடி மெட்ராஸில் படித்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த விவேக் சேஷாத்ரியும், ஓனுர் முட்லு, டாட் மவுரி முதலியோரும் 2013இல் 'ரோகுளோன்' என்ற உத்தியை வெளியிட்டார்கள். ஒரு வரிசையைத் திறந்து உணர் பெருக்கிகள் நிலைபெற்றதும், அவற்றை மூடாமலே இன்னொரு வரிசையைத் திறந்தால், முதல் வரிசையில் இருந்த தரவு அப்படியே இரண்டாவதில் பதிந்துவிடும். 8 கேபியும் ஒரே வீச்சில் நகலாகிவிடுகிறது. ஒரு பைட்கூடச் செயலிவரை போகவில்லை. 4 கேபி நகலெடுக்க ஆகும் நேரம் 11.6 மடங்கும் ஆற்றல் 74.4 மடங்கும் குறைவதாக அவர்கள் கணக்கிட்டார்கள்.

2017இல் வந்த 'ஆம்பிட்' இன்னும் ஒரு படி முன்னே போனது. மூன்று வரிசைகளை ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும்? மூன்று மின்தேக்கிகளும் ஒரே கம்பியில் மின்னூட்டத்தைக் கொட்டும். இரண்டோ மூன்றோ நிறைந்திருந்தால் கம்பி பாதிக்கு மேலே ஏறும். இல்லையேல் கீழே இறங்கும். பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதுவே விடை. மூன்றாவது வரிசையில் முன்கூட்டியே 0 வைத்துவிட்டால், மற்ற இரண்டும் 1ஆக இருந்தால் மட்டுமே விடை 1 வரும்: அது 'அண்ட்'. 1 வைத்துவிட்டால் ஏதாவது ஒன்று 1ஆக இருந்தாலே போதும்: அது 'ஆர்'. எதிர்மறை செய்ய மட்டும் ஒரு சிறப்பு செல் வரிசையைச் சேர்த்தார்கள். சில்லின் பரப்பில் கூடுதலாக ஆவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஏழுவகைப் பிட் செயல்களில் சராசரியாக 32 மடங்கு வேகமும் 35 மடங்கு ஆற்றல் சேமிப்பும் கிடைக்கும் என்றது அவர்கள் மதிப்பீடு.

இது தாளில் மட்டும் நிற்கவில்லை. கடையில் வாங்கிய மாற்றமில்லாத டிரேம் பலகைகளுக்கு, விதிக்கப்பட்ட இடைவெளியைப் பொருட்படுத்தாமல் கட்டளைகளை அவசரமாக அடுத்தடுத்து அனுப்பியே பல வரிசைகளைத் திறக்க வைக்கலாம் என்று 2019இல் பிரின்ஸ்டன் குழு செய்து காட்டியது. எல்லாத் தயாரிப்பாளர்களின் சில்லுகளும் அதற்கு இணங்கவில்லை; இணங்கியவற்றில் நகலும், 'அண்ட்', 'ஆர்' செயல்களும் நடந்தன. 2024இல் முட்லுவின் சூரிக் குழு, சாதாரண டிடிஆர்4 சில்லுகளில் எதிர்மறையும், 16 உள்ளீடுகள் வரை கொண்ட 'நேண்ட்', 'நார்' செயல்களும் பெரும்பாலான செல்களில் சரியாக நடப்பதை நிறுவியது.

இங்கேயே அந்தப் பொறுப்பும் தலைகாட்டிவிடுகிறது. ரோகுளோனின் முழுவேக நகல் நடக்க, மூல வரிசையும் சேரும் வரிசையும் ஒரே உணர் பெருக்கிகளைப் பகிரும் துணைப்பகுதிக்குள் இருக்க வேண்டும். அப்படியொரு துணைப்பகுதியில் இருப்பவை சில நூறு வரிசைகளே. ஆம்பிட்டுக்கும் அதே நிபந்தனை. இயங்குதளமோ நினைவகப் பக்கங்களை எங்கு காலி இடம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் சிதறடித்து வைக்கும் பழக்கம் உடையது. இரண்டு எண்தொடர்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்தமையும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

விற்பனைக்கு வந்த சில்லுகள்

செல்லுக்குள் கணக்கிடுவது ஒரு வழி. செல்களுக்கு மிக அருகில், அதே சில்லில், சிறு செயலிகளைப் பதிப்பது இன்னொரு வழி. சந்தையை முதலில் எட்டியது இந்த இரண்டாவதுதான்.

பிரான்சின் கிரனோபிள் நகரில் 2015இல் தொடங்கிய அப்மெம் நிறுவனம், டிடிஆர்4 நினைவகப் பலகை வடிவத்திலேயே கணக்கிடும் நினைவகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சில்லிலும் 8 சிறு செயலிகள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 64 எம்பி டிரேம். ஒரு பலகையில் 16 சில்லுகள், ஆக 128 செயலிகள். இருபது பலகை பூட்டிய சர்வரில் 2,560. ஒவ்வொன்றும் எளிமையான, மெதுவான செயலி. ஆனால் தன் 64 எம்பியைத் தானே நேரடியாகப் படிக்கும். எல்லாம் சேர்ந்து படிக்கும் வேகத்தை எந்த வெளிப்பாதையாலும் தர முடியாது.

சூரிக் குழு 16 பயன்பாடுகளை எழுதி இந்த இயந்திரத்தை விரிவாகச் சோதித்தது. 10 பயன்பாடுகளில் அது ஒரு நவீன ஜிபியுவையே முந்தியது. தேடுதல், வடிகட்டுதல், முழு எண் கூட்டல் ஆகியவற்றில் அது சிறந்து நின்றது. 32 பிட் பெருக்கலையும் தசமக் கணக்கையும் வன்பொருளில் நேரடியாகச் செய்ய முடியாததால் அங்கெல்லாம் திணறியது. ஒரு செயலி இன்னொரு செயலியோடு பேச நேர்வழி இல்லை. எல்லாம் மையச் செயலி வழியாகத்தான் போய்வர வேண்டும். ஆகவே இடையிடையே விடைகளைப் பரிமாறிக்கொள்ளும் பயன்பாடுகள் சுணங்கின.

இன்னொரு நுணுக்கமான தொல்லையும் உண்டு. வழக்கமான நினைவகப் பலகையில் ஒரு 64 பிட் எண் ஒரே சில்லில் இருப்பதில்லை. எட்டுச் சில்லுகளும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பைட் தருவதால், எண் எட்டாகக் கூறுபோடப்பட்டு எட்டுச் சில்லுகளில் கிடக்கும். அந்தச் சில்லுக்குள் உட்கார்ந்திருக்கும் சிறு செயலிக்கு ஒவ்வோர் எண்ணிலும் எட்டில் ஒரு பங்குதான் கண்ணில் படும். இதைச் சரிசெய்ய, தரவை அனுப்பும்போதே பைட்களை இடம் மாற்றி அடுக்கும் வேலையை மையச் செயலியில் ஓடும் அப்மெம் மென்பொருள் செய்கிறது. நகர்த்தலைத் தவிர்க்க வந்த இயந்திரத்துக்கு, தொடக்கத்திலேயே ஒரு பெரிய நகர்த்தல் தேவைப்படுகிறது.

தென் கொரியாவின் பெரு நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவை மனத்தில் கொண்டு இறங்கின. சாம்சங் 2021இல் ஹெச்பிஎம்-பிம் சில்லை அறிவித்தது. அடுக்கடுக்காக ஏற்றப்படும் ஹெச்பிஎம் நினைவகத்தில், இரண்டு நினைவகப் பேங்குகளுக்கு ஒன்று என்ற கணக்கில், ஒரே நேரத்தில் 16 எண்களைப் பெருக்கிக் கூட்டும் அலகுகளை அது பதித்தது. தரப்படுத்தப்பட்ட ஹெச்பிஎம் கட்டளைகளைக் கொண்டே அவற்றை இயக்க முடிந்ததால், இணைக்கும் செயலியை மாற்றத் தேவையில்லை. நினைவகத்தையே நம்பியிருக்கும் நரம்பியல் வலைக் கணக்குகளில் 11.2 மடங்கும், முழுப் பயன்பாடுகளில் 3.5 மடங்கும் வேகம் கூடியதாக அதன் பொறியாளர்கள் ஆய்வுக்கட்டுரையில் தெரிவித்தார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். கணக்கின் ஒரு பகுதி எவ்வளவு விரைந்தாலும் மற்ற பகுதிகள் பழைய வேகத்தில்தான் ஓடும். இதற்குக் கொடுத்த விலையும் உண்டு: கணக்கிடும் அடுக்குகளில் சேமிப்பளவு பாதியானது. 8 அடுக்கில் 4 அடுக்குகளை மட்டும் அப்படி மாற்றியதால், 8 ஜிபி இருந்திருக்க வேண்டிய இடத்தில் 6 ஜிபி.

எஸ்கே ஹைனிக்ஸ் 2022இல் ஜிடிடிஆர்6 வகையில் தன் சில்லைக் காட்டியது. அதில் ஒவ்வொரு பேங்குக்கும் ஒரு கணிப்பான். சில்லு ஒன்றுக்கு வினாடிக்கு 1 லட்சம் கோடி கணக்குகள். 2023இல் இந்தச் சில்லுகளை ஒரே அட்டையில் அடுக்கி, அதில் மொழி மாதிரிகளை ஓட்டிக் காட்டியது. இங்கும் மாதிரியின் எடைகளை எந்தப் பேங்கில் எந்த வரிசையில் வைப்பது என்பதை மென்பொருள் முன்கூட்டியே திட்டமிட்டாக வேண்டும். எடைகள் நிலையானவை, ஒருமுறை அடுக்கினால் பல லட்சம் முறை பயன்படும். அடுக்கும் செலவு அத்தனை முறைக்கும் பங்காகிவிடுவதால்தான் இந்தப் பயன்பாடு பொருந்துகிறது.

எண்ணை மின்னோட்டமாக்கும் வழி

மூன்றாவது வழி, 0, 1 என்ற எல்லையையே தாண்டுகிறது. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளை ஓடவிட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் மின்கடத்துதிறனை மாற்றிவைக்கக்கூடிய ஒரு பொருளை வைப்பார்கள். கடத்துதிறன்தான் சேமித்த எண். கிடைக்கம்பியில் மின்னழுத்தம் கொடுத்தால், ஓம் விதிப்படி ஒவ்வொரு சந்திப்பிலும் மின்னழுத்தமும் கடத்துதிறனும் பெருக்கப்பட்டு மின்னோட்டமாகிறது. நெடுக்கம்பியில் அந்த மின்னோட்டங்கள் எல்லாம் கிர்க்காஃப் விதிப்படி தாமாகக் கூடுகின்றன. பள்ளி இயற்பியலில் படித்த இரண்டு விதிகள் சேர்ந்து, ஓர் அணியை ஒரு வெக்டரால் பெருக்கும் கணக்கை ஒரே எட்டில் முடித்துவிடுகின்றன. நரம்பியல் வலையின் வேலையில் பெரும்பங்கு இந்தக் கணக்குதான்.

இதற்கான பொருளாக நிலைமாற்ற நினைவகத்தை ஐபிஎம் எடுத்துக்கொண்டது. அதன் சூரிக் ஆய்வகம் 2023இல் வெளியிட்ட 'ஹெர்மிஸ்' சில்லில் 64 கருக்கள். ஒவ்வொன்றிலும் 256க்கு 256 என்ற அளவில் ஒரு குறுக்குக்கம்பி அணி. சிஃபார்-10 படத்தொகுப்பை அடையாளம் காண்பதில் அது 92.81 சதவீதத் துல்லியத்தை எட்டியது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகமும் பங்கேற்று 2022இல் வெளியிட்ட 'நியூர்ரேம்' சில்லில் 48 கருக்களும் சுமார் 30 லட்சம் மின்தடை செல்களும் இருந்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நானோ அறிவியல் மையம் 2024இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, ஒரு மூலக்கூறுப் படலத்தில் 16,500 கடத்துதிறன் நிலைகளை வேறுபடுத்திக் காட்டியது. இந்தியாவில் இந்தத் துறையில் நடந்த வேலைகளில் அது பெருமைக்குரிய ஒன்று.

இந்த வழியின் இக்கட்டு துல்லியம். நிலைமாற்றப் பொருளின் கடத்துதிறன் நாளாக ஆக நழுவும். வெப்பம் மாறினாலும் மாறும். இரண்டு செல்கள் ஒன்றுபோல் அமைவதில்லை. மின்னோட்டமாகக் கிடைக்கும் விடையை மீண்டும் எண்ணாக்கும் மாற்றிகள், இப்படிக் கணக்கிட்டு மிச்சப்படுத்திய ஆற்றலில் பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றன. இந்தத் தொல்லைகளைத் தவிர்க்க, பழகிய எஸ்ரேம் செல்லிலேயே கணக்கிடும் வழிக்குப் பலர் திரும்பியிருக்கிறார்கள். பிரின்ஸ்டனின் நவீன் வர்மா குழு, பொருளின் குணத்தை நம்பாமல், சில்லின் உலோக அடுக்கில் வரைந்த மின்தேக்கிகளைக் கொண்டு கூட்டலைச் செய்கிறது. மின்தேக்கியின் அளவு வடிவத்தால் தீர்மானிக்கப்படுவதால் துல்லியம் கூடுகிறது. தைவானின் டிஎஸ்எம்சி 2021இல் முழுக்க டிஜிட்டல் முறையில், துல்லியத்தை இழக்காமல் எஸ்ரேமுக்குள் பெருக்கிக் கூட்டும் வடிவமைப்பை வெளியிட்டது. எஸ்ரேம் செல்லுக்கு வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர் தேவை, டிரேமுக்கு ஒன்றுதான். ஆகவே எஸ்ரேமில் இடம் குறைவு. பெரிய மாதிரிகள் அதில் அடங்குவதில்லை.

தடைகள்

இந்த வழிகளுக்குத் தடைகளும் உண்டு. டிரேமுக்கு வெப்பம் ஆகாது: 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மின்னூட்டம் வேகமாகக் கசியும், வழக்கமாக 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை செய்யும் புதுப்பித்தலை இரு மடங்கு அடிக்கடி செய்ய வேண்டும். பக்கத்திலேயே கணிப்பானை வைத்து ஓட்டுவது அந்த வெப்பத்தைக் கூட்டும். பிழை திருத்தும் குறியீடுகளும் சிக்கல் தருகின்றன. சர்வர் நினைவகங்களில் ஒவ்வொரு சொல்லோடும் சரிபார்ப்புப் பிட்களைச் சேர்த்து வைப்பார்கள். உள்ளேயே இரண்டு வரிசைகளை 'அண்ட்' செய்தால் விடைக்குரிய சரிபார்ப்புப் பிட்கள் தாமாக அமைவதில்லை. செயலியின் கேஷில் ஒரு நகலும் நினைவகத்தில் ஒரு நகலும் இருக்கும்போது எது புதியது என்பதையும் யாராவது கவனித்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான தடை வணிகம். உலகின் டிரேமில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள் தயாரிக்கின்றன. மூவரின் பலகையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பொருந்தும். ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த விதிகள் அதை உறுதிசெய்கின்றன. வாங்குபவர் பார்ப்பது ஒரு ஜிபிக்கு என்ன விலை என்பதை மட்டுமே. கணிப்பானைச் சேர்த்து, சேமிப்பைக் குறைத்து, விலையைக் கூட்டி, ஒரே நிறுவனத்திடம் மட்டும் கிடைக்கும் பொருளை எந்தப் பெரிய நிறுவனமும் தன் சர்வர்களில் நிரப்பத் துணியாது. கைபேசிகளுக்கான எல்பிடிடிஆர்6 நினைவகத்தில் கணக்கிடும் வசதியைத் தரப்படுத்தச் சாம்சங்கும் எஸ்கே ஹைனிக்ஸும் ஜெடெக்கில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியிருப்பதை நான் பெரிய முன்னேற்றமாகக் கருதுவது இதனால்தான். போட்டியாளர்கள் ஒரே விதிக்கு இசைந்தால்தான் வாங்குபவருக்குத் தைரியம் வரும்.

இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2025இல் ஜெடெக் வெளியிட்ட ஹெச்பிஎம்4 விதிப்படி ஓர் அடுக்கு நினைவகம் 2,048 கம்பிகள் வழியாக வினாடிக்குச் சுமார் 2 டெராபைட் தரும். அந்த அடுக்கின் அடிச்சில்லை, டிரேம் முறையைக் கைவிட்டு, செயலிகளுக்குரிய தயாரிப்பு முறையில் செய்ய எஸ்கே ஹைனிக்ஸ் டிஎஸ்எம்சியோடு கைகோத்திருக்கிறது. 1990களில் முதல் அலையைக் கவிழ்த்த 'டிரேமில் நல்ல டிரான்சிஸ்டர் கட்ட முடியாது' என்ற தடைக்கு இதில் ஒரு விடை இருக்கிறது: சேமிப்பு ஒரு சில்லில், தர்க்கம் அதன் கீழேயே இன்னொரு சில்லில்.

எங்கே பலிக்கும்

படித்த ஓர் எண்ணை எத்தனை முறை பயன்படுத்துகிறோம் என்ற கேள்வி இங்கே நல்ல உரைகல். பெரிய அணிகளை ஒன்றோடொன்று பெருக்கும்போது ஓர் எண் நூற்றுக்கணக்கான முறை பயன்படும்; கேஷும் ஜிபியுவும் அதற்கென்றே இருக்கின்றன. மாதிரிகளைப் பயிற்றுவிப்பது அந்த வகை. ஒரே நேரத்தில் பல பயனர்களின் கேள்விகளைத் தொகுத்து ஓட்டும் தரவு மையத்திலும், ஒருமுறை படித்த எடை எல்லாருக்கும் பயன்படுகிறது. அங்கே கணக்கிடும் நினைவகத்துக்குப் பெரிய ஆதாயம் இல்லை.

ஒரே பயனருக்காகக் கைபேசியிலோ மடிக்கணினியிலோ ஓடும் மாதிரியில் ஒவ்வோர் எடையும் டோக்கனுக்கு ஒருமுறைதான் பயன்படும். அங்கே ஆதாயம் முழுமையாகக் கிடைக்கும். தரவு மையத்திலும், உரையாடலின் முந்தைய பகுதிகளை நினைவில் வைத்திருக்கும் இடைச்சேமிப்பு ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி. அதைத் தொகுத்துப் பகிர முடியாது. அந்தப் பகுதியை மட்டும் நினைவகத்திடம் விட்டு, மற்றதை ஜிபியுவிடம் கொடுக்கும் 'அட்அக்', 'நியூபிம்ஸ்' என்ற இரண்டு வடிவமைப்புகள் 2024ஆம் ஆண்டு ஆஸ்ப்ளோஸ் மாநாட்டில் வந்தன. தரவுத்தளத் தேடல், மரபணு வரிசை ஒப்பீடு, பெரிய வரைபடங்களில் தொடர்பு தேடல் ஆகியவையும் படித்ததை ஒருமுறை தொட்டுவிட்டுக் கடந்துபோகும் வகையைச் சேர்ந்தவை.

இதிலிருந்து நான் எட்டும் முடிவு இது. கணக்கிடும் நினைவகம் செயலியை வீட்டுக்கு அனுப்பப்போவதில்லை. எந்தக் கணக்கை எங்கே செய்வது, அதற்குத் தரவை எங்கே வைப்பது என்பதைப் பிரித்தறியும் மென்பொருள் இருந்தால், இரண்டும் சேர்ந்து இன்றைய ஆற்றலில் ஒரு பகுதியைக் கொண்டே அதே வேலையை முடிக்கும். சுற்றுகள் இருக்கின்றன, சில்லுகளும் வந்துவிட்டன. தரவின் இடத்தை அறிந்து நிரலைப் பிரிக்கும் கம்பைலரும், பக்கங்களைத் துணைப்பகுதி பார்த்து ஒதுக்கும் இயங்குதளமும் இன்னும் குழந்தைப் பருவத்தில் இருக்கின்றன. இனி ஒரு நிறுவனம் பத்து மடங்கு வேகம் என்று அறிவிக்கும்போது, தரவை அந்த இடத்தில் கொண்டுபோய் அடுக்கிய நேரமும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று நாம் முதலில் கேட்க வேண்டும்.

அந்த மென்பொருளை எழுத டிரேம் தொழிற்சாலை வேண்டியதில்லை. முட்லுவின் சூரிக் குழு தன் நினைவகப் போலியாக்கி ராமுலேட்டரையும், அப்மெம் இயந்திரத்துக்கு எழுதிய 16 சோதனை நிரல்களையும் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. முட்லுவின் முழு வகுப்புகளும் யூடியூபில் இலவசம். நம் பொறியியல் கல்லூரிகளில் கணினி அமைப்பியல் படிக்கும் மாணவர் ஒருவர், ஒரு சாதாரண லினக்ஸ் கணினியை வைத்துக்கொண்டு, பக்கங்களைச் சரியான துணைப்பகுதியில் ஒதுக்கும் ஒரு புதிய உத்தியை இந்தப் பருவத்திலேயே எழுதிச் சோதித்துப் பார்க்கலாம். ஐம்பது ஆண்டுகளாகத் தீராத சிக்கலின் மிச்சப் பாதி அங்கேதான் இருக்கிறது.